சாமியறையில் இருந்த பென் டிரைவ்

என் கணவருக்கு எழுதுவது என்றால் அலுப்பு. தேயிலைத் தோட்டத்து ஆபிசில் கிளாக்கராக இருந்து ஆயுள் முழுக்க எழுதித் தள்ளியவர், ஓய்வு பெற்றதும் பேனாவைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். போனிலும் அப்படித்தான். றக்வான டவுனுக்கு இறங்கினால் குரலாகத்தான் அனுப்புவார். "வெங்காயம் வாங்கிட்டேன். கருவாடு நல்லால்ல, வேணாம்." "பஸ் இன்னும் வரல. சோத்த மூடி வை." இதெல்லாம் ஒரு செய்தியா என்று அப்போது சிரித்தேன். அவர் கண்மூடிய பிறகு வீட்டில் வேறு பேச்சு இல்லை. அந்த வெங்காயத்தையும் கருவாட்டையும்தான் தினம் காலையில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போனின் முகம் அடிக்கடி இருண்டுபோகத் தொடங்கியது. அவர் குரலும் அதோடு போய்விடக்கூடாது என்றுதான் டவுனில் வயதானவர்களுக்கென்று ஆரம்பித்த கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். என்னோடு வந்தவர், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் என்னோடு கடைசி வரை படிப்பித்தவர். ஓய்வு பெற்றும் நாங்கள் ஒருவரையொருவர் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு பேருக்கும் ஒரே மெசின். மவுஸ் அவர் கையில் கோழிக்குஞ்சு மாதிரித் துள்ளும். பார்த்துச் சிரித்தே பாதி வகுப்பு போய்விடும்.

சொல்லிக்கொடுத்த மிஸ், டவுனில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. எத்தனை தரம் கேட்டாலும் முகம் சுளிக்காது. போனில் இருந்த குரல்களை மகள் விட்டுப்போன பழைய லெப்டொப்புக்கும், அதிலிருந்து ஒரு சிவப்பு பென் டிரைவுக்கும் மாற்ற அந்தப் பிள்ளைதான் பழக்கியது. மாற்றி முடித்ததும் ஒன்று சொன்னது. "ஒரே ஊட்டுல ரெண்டு கொப்பி இருந்தா அது ஒரு கொப்பிதான் டீச்சர். இன்னொண்ண வேற ஊட்டுல வைங்க."

மலைச்சரிவில் குடியிருப்பவளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழைக்காலம் வந்தால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஆணியில் ஒரு பை தொங்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கிளினிக் கொப்பி எல்லாம் அதற்குள். மேலே மண் அசைகிறது என்று யாராவது சத்தம் போட்டால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதுதான். டீச்சர் டவுனுக்குக் கீழே, சமதரையில் சொந்த வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் வீட்டைவிட நல்ல இடம் எனக்கு எங்கே கிடைக்கும்?

மாற்றிக்கொண்டோம். வெளிநாட்டில் இருக்கும் மகனின் கல்யாணப் படங்கள் இருந்த நீல பென் டிரைவை அவர் என்னிடம் தந்தார். சிவப்பை நான் ஒரு மஞ்சள் நூல் கட்டி அவர் கையில் கொடுத்தேன். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒன்றை வகுப்பிலேயே போட்டுக் கேட்டுவிட்டு, "ஒங்க சாரு அப்படியே பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு டீச்சர்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டவர் அவர்.

கொஞ்ச நாளில் போன் ஒரேயடியாக உயிரை விட்டது. நான் பதறவில்லை. லெப்டொப் இருந்தது. டீச்சரும் இருந்தார்.

மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அந்த வருசம் டீச்சர்தான் கமிட்டியில் ஓடியாடித் திரிந்தார். காலையிலிருந்து ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு. அன்னதானப் பந்தியில் இலை போட்டுக்கொண்டே, "இந்த வருசம் பாட்டெல்லாம் நல்லாருக்கு டீச்சர்" என்று நானே சொன்னேன். அவர் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் போய்விட்டார். வேலை மும்முரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் பஸ் நிலையத்தில் சந்தித்தபோது சும்மா கேட்டேன், "என்னோட சாமான் பத்திரமா இருக்குதானே?"

"சாமியறையில அம்மனுக்குப் பின்னால வச்சிருக்கேன் டீச்சர். யாரு தொடப்போறா?"

வைகாசி மழையில் மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தது. கிராம சேவகர் ஓட்டோ ஒன்றைக் கூட்டிக்கொண்டு லயத்துக்கே வந்துவிட்டார். ஓட்டோக்காரர் சிங்களத்தில் "இக்மனட்ட, இக்மனட்ட" என்று அவசரப்படுத்தினார். ஆணியில் இருந்த பையை எடுத்தேன். நீல பென் டிரைவ் அதற்குள்தான் இருந்தது. அடுத்தவர் பொருள், நம் பொருளுக்கு முன்னால் அதுதான் வெளியே போகவேண்டும் என்று மழைக்கு முன்பே பையில் போட்டு வைத்திருந்தேன். லெப்டொப் அலுமாரியில் இருந்தது. கனம், மழை, ஓட்டோவில் ஏற்கனவே கைப்பிள்ளைக்காரி ஒருத்தி. என்னுடையதுதான் டீச்சர் வீட்டில் இருக்கிறதே என்று கதவைச் சாத்தினேன்.

ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் லயத்தின் பின்சுவரைத்தான் மலை உள்ளே தள்ளிவிட்டது. அலுமாரியைச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்தோம். இரத்தினபுரிக் கடையில் லெப்டொப்பைத் திறந்து பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். அப்போதும் நான் அழவில்லை. நேரே டீச்சர் வீட்டுக்குப் போனேன்.

பிளேன்டீ வந்தது. சுகம் விசாரித்தார், வீட்டுக்காக வருத்தப்பட்டார். பென் டிரைவைக் கேட்டதும் சாமியறைக்குப் போனவர் வெளியே வர நேரமெடுத்தது. சிவப்பு நிறம், மஞ்சள் நூல், எல்லாம் அப்படியே இருந்தது. டிவியில் சொருகினேன். வரிசையாக அம்மன் பாட்டு.

"எப்புடி இப்புடி ஆச்சின்னு தெரியலியே டீச்சர்" என்றார் முதலில்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யாமல் இதே குரலில் எங்களிடம் பேசியிருக்கின்றன.

"திருவிழாவுக்கு ஸ்பீக்கர்காரரு அவசரமா ஒண்ணு கேட்டாரு. இது கையில ஆம்பட்டுச்சி. எடம் பத்தலன்னு எல்லாத்தையும் அழிச்சிட்டு ஏத்திட்டாரு. கொப்பிதானே டீச்சர், அசலு ஒங்ககிட்ட இருக்குதானேன்னு நெனச்சேன்."

"சொல்லியிருந்தா அன்னிக்கே இன்னொண்ணு போட்டிருப்பேனே."

"நீங்க கோவிச்சுக்குவீங்கன்னுதான்."

அழித்ததை என்னால் மன்னிக்க முடிந்திருக்கும். நானும் அவரும் எத்தனை பைலை அழித்துவிட்டு மிஸ்ஸைக் கூப்பிட்டிருக்கிறோம். ஆனால் பஸ் நிலையத்தில் நான் கேட்டபோது அம்மனைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே பொய் சொன்னாரே, அது என் நெஞ்சில் அப்படியே கிடக்கிறது. அந்தப் பொய்யை நம்பித்தான் என் கணவரை அலுமாரியில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

எழுந்தேன். பையிலிருந்து நீல பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தேன். டீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. சிவப்பைக் கழற்றிவிட்டு உடனே அதைச் சொருகினார். மாலை, மேளம், மணமக்கள் எல்லாம் ஒன்றும் குறையாமல் வந்தது. ஒரு படத்தில் பந்தியின் ஓரத்தில் என் கணவர் வாயைத் திறந்து யாரிடமோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் கவனிக்கவில்லை. ரிமோட்டை அழுத்தி அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

"ஒங்க கையில குடுத்தா பத்திரமா இருக்கும்னு எனக்குத் தெரியும் டீச்சர்" என்றார்.