மேலுதட்டுப் புறம்போக்கு

“…அப்போ இங்க உக்காந்து கம்மங்கூழு குடிச்சுக்கிட்டிருக்கறது யாருங்க மாப்ள? என்ற ஆவியுங்களா? ஆவி வெங்காயம் கடிக்குமுங்களா?”

கேட்டது என் அப்பா. ஞாயிற்றுக்கிழமை, பொழுது அப்போதுதான் கிளம்பியிருந்தது. வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் கூழ்ப் போசி, மறு கையில் பாதி கடித்த வெங்காயம். எதிரே அவருடைய தங்கை, என் அத்தை, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, ஆரம்பித்த ஒப்பாரியை முடிக்கத் தெரியாமல் வாயைத் திறந்தபடி நின்றாள். அத்தையின் புருஷனான மாமாவின் கக்கத்தில் ஒரு கோடி வேட்டி, மடிப்புக் கலையாமல். பிணத்துக்குப் போர்த்தக் கொண்டுவந்தது. அவர்களுக்குப் பின்னால் இரண்டு மாட்டு வண்டி நிறைய ஒரம்பரை, சொந்தபந்தங்கள். செத்தவரே கூழ் குடிப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு கால் வண்டியிலும் ஒரு கால் தரையிலுமாகப் பாதிப் பேர் அப்படியே நின்றுவிட்டார்கள்.

இத்தனைக்கும் காரணம் என் மேலுதடு. அதில் மீசை இல்லை.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் அப்பன் போனால்தான் மகன் மீசையை எடுப்பான். தலையையும் சேர்த்து மழிப்பான். அப்பன் உயிரோடு இருக்க மீசையை எடுத்தவன், அப்பனுக்கு நாள் குறித்தவன். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் எடுத்தேன் என்றால் எடுக்க வைத்தார்கள். இப்போது நினைத்தாலும் காது மடல் சுடுகிறது. கோபம் வந்தால் எனக்குப் பேச்சு நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது உலகச் சண்டைக் காலம். சேலத்தில் ஒரு பெரிய தையற்கடையில் வேலையாக இருந்தேன். கோட்டும் கால்சட்டையும் தைப்பார்கள். அதோடு சேர்ந்த காலர், டை, கைப்பட்டன், காலுறை நழுவாமல் பிடிக்கும் வார், தொப்பி எல்லாம் கண்ணாடி அலமாரியில் இருக்கும். நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள். இங்கிலீஷ் எழுத்தை அந்தக் காலர் டப்பாக்களின் மேல்தான் கூட்டிப் படித்தேன். டை கட்டவும் யாரும் சொல்லித் தரவில்லை. சாப்பாட்டு வேளையில் என் முழங்காலைக் கழுத்தாக வைத்துக் கட்டிக் கட்டிப் பழகினேன். தன் கழுத்தில் கட்டிக்கொள்பவர்கள் சேலத்தில் எத்தனையோ பேர். அடுத்தவன் கழுத்தில், முடிச்சு கோணாமல், நுனி இடுப்பு வார் தொடும் அளவுக்குக் கட்டிவிட அந்தக் கடையில் என்னை விட்டால் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. இவ்வளவு பிடித்த வேலை என்று தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்தவன் கழுத்தில் கட்ட வேண்டுமானால் அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்க வேண்டும். வினை அங்கேதான் வந்தது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் கோட்டு வாங்க வந்தார். டை கட்டிவிடும்போது மூக்கைச் சுளித்தார். முதலாளியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“உன் மீசை விளக்கெண்ணெய் நாத்தம் அடிக்குதாம்ப்பா. எடுத்துரு.”

“எண்ணெய் தடவறதை நிறுத்திடறேனுங்க முதலாளி.”

“எண்ணெய் போனா வேர்வை. வேர்வை போனா பொடி. மீசை வேணும்னா போலீசுல போய்ச் சேரு. திங்கக்கிழமை காலையில வர்றப்ப முளை தெரிஞ்சாக்கூட கடைப்படி ஏறாதே.”

இதைச் சொல்லும்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? தன் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். அந்தத் துரைக்கும் தவிட்டு நிறத்தில் ஒரு மீசை இருந்தது. அதில் சுருட்டு நாற்றம். ஒரு சாண் இடைவெளியில் இரண்டு மீசை, இரண்டிலும் நாற்றம். எது போக வேண்டும் என்று முடிவு செய்ய யாருக்கும் ஒரு நொடி ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையின் பின்கட்டுக்கே நாவிதரை வரவழைத்துவிட்டார். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்: “உங்க ஐயன், அப்பாரு, உசுரோட இருக்காருங்களா?”

“இருக்காருங்க.”

கத்தியை மடக்கிக் கீழே வைத்துவிட்டார். “அப்போ எனக்கெதுக்குங்க இந்தப் பாவம்?”

“உன்னை ஜாதகமா பார்க்கச் சொன்னேன்? எடு கத்தியை,” என்று முதலாளி முன்கட்டிலிருந்து ஒரு சத்தம் போட்டார். முடிந்தது. நாவிதர் படிகாரம் தேய்த்தார். நெருப்பாக எரிந்தது. முதலாளி தாராள மனசோடு, துரைமார் முகத்தில் பூசும் ஸ்நோ ஒரு சின்ன டப்பா கொடுத்தார். “பூசிக்க, குளுகுளுன்னு இருக்கும்,” என்றார். மீசையைப் பிடுங்கிக்கொண்டு வெண்ணெய் கொடுத்த மகராசன்.

சனிக்கிழமை ஊருக்குப் புறப்பட்டேன். பெட்ரோல் கிடைக்காத காலம், பஸ் கரியில் ஓடியது. புகை முழுக்க உள்ளேதான். மல்லசமுத்திரத்தில் இறங்கும்போது கண் இரண்டும் சிவந்து தண்ணீர் கொட்டியது. வெயிலே படாமல் இருந்த மேலுதடு வெளுத்துப்போய் எரிச்சல் தாங்கவில்லை. ஸ்நோவை எடுத்து வாயைச் சுற்றி அப்பினேன். தலையில் கடை ஆட்கள் போடும் கறுப்புக் குல்லா; பிடரியெல்லாம் மெஷின் போட்டு ஒட்ட வெட்டியது. என்னை நானே கண்ணாடியில் பார்த்திருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும்.

சந்தைப்பேட்டையில் அத்தை ஊர் வெல்ல வியாபாரி எதிரில் வந்தார். பார்த்ததும் நின்றார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, “எப்போங்க ஆச்சு?” என்றார்.

மீசையைக் கேட்கிறார் என்று நினைத்தேன். வேறு எதை நினைப்பேன்? “நேத்து சாயந்தரமுங்க.”

“ரொம்பச் சிரமமுங்களா?”

“இல்லீங்க. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.”

“இழுக்காம முடிஞ்சுதே, அதுவே புண்ணியமுங்க.”

“ஆமாங்க. இழுத்திருந்தா என்னால தாங்கியிருக்க முடியாதுங்க.”

“என்ன பண்றது சாமி. மேல இருக்கறவன் சொன்னா நாம கேட்டுத்தான ஆகோணும்.”

முதலாளியைச் சொல்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அவனுக்கென்னங்க. அவன் மீசையை முறுக்கிக்கிட்டு உக்காந்திருக்கறான். போனது நம்முளுதுதான.”

அவர் என் முதுகைத் தடவினார். “துக்கத்துல அப்பிடித்தான் பேசத் தோணும். மனசைத் தேத்திக்கோங்க,” என்றார். துக்கம் என்பது மீசைக்குக் கொஞ்சம் பெரிய சொல்லாகத்தான் பட்டது. ஆனாலும் மீசையின் அருமை தெரிந்த ஒரு மனிதரைப் பார்த்துவிட்டோம் என்று நெஞ்சு நிறைந்து, அவருக்கு ஒரு கும்பிடு வேறு போட்டேன்.

வீடு வந்தேன். அப்பா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. எல்லாம் அம்மா வழியாகத்தான்.

“உன்ற மகன்கிட்டச் சொல்லு. மொளைக்கற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது.”

“திங்கக்கெழமை காத்தால போகலீன்னா வேலை போயிருமுங்கப்பா,” என்றேன்.

“வேலை போனாக் காடு இருக்குதுன்னு சொல்லு.”

உழுது விதைக்கக் காடு இருந்தது. கிணறுதான் வறண்டு கிடந்தது. அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, யாரிடமும் எதையும் சொல்லாமல் என் தட்டில் சோற்றைப் போட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் எங்கே வரும்? மீசையோடு போனால் கடைப்படி இல்லை. மீசையில்லாமல் இருந்தால் வீட்டுப்படி தாண்ட முடியாது.

விடிந்ததும்தான் வண்டி இரண்டும் வந்தன. அத்தை இறங்கி ஓடிவந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “உன்ற பொட்டு போச்சே,” என்று எடுத்தாள். நெற்றியில் காலணா அளவு பொட்டோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள். “உடு அம்மிணி, அடுப்புல பால் பொங்குது,” என்று கையை விலக்கிவிட்டு உள்ளே போனாள். அப்போதுதான் அப்பா கட்டிலில் இருந்தபடி அந்த ஆவிக் கேள்வியைக் கேட்டார்.

வெல்ல வியாபாரி அத்தை ஊரில் போய்ச் சொன்ன கதை முழுவதும் வெளியே வந்தது. சிரிக்க வேண்டிய விஷயம்தானே? யாரும் சிரிக்கவில்லை. துக்கத்துக்கென்று கிளம்பி வந்தவர்களுக்கு வந்த காரியம் இல்லை என்றதும் கோபம் என் மேல் திரும்பியது. ஆளுக்கொன்று சொன்னார்கள். என்னிடம் இல்லை, என் மேலுதட்டைப் பார்த்துச் சொன்னார்கள்.

“ஒரு மாசம் ஊட்டுக்குள்ளயே போட்டு வையுங்க.”

“அது வரைக்கும் அடுப்புக் கரியாச்சும் இழுத்து உடுங்க.”

“இந்த மூஞ்சிக்கு எவனுங்க பொண்ணு குடுப்பான்? பொண்ணும் பையனும் ஒண்ணாட்டத் தெரியும்,” என்றார் மாமா.

“வெள்ளைக்காரனுக்குப் பொறந்தாப்பல பூசிக்கிட்டு வேற வந்திருக்கறான்,” என்றாள் அத்தை. ஒப்பாரிக்கு எடுத்த குரல் அவளுக்கு அப்படியே மிச்சம் இருந்தது.

எங்கள் ஊரில் புறம்போக்கு நிலம் ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் ஆடு மேய்ப்பார்கள், யார் வேண்டுமானாலும் குப்பை கொட்டுவார்கள், கேட்டால் பத்துப் பேர் பாத்தியதை பேசுவார்கள். என் மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் இருந்த அந்த ரெண்டு விரற்கடை இடமும் அன்றைக்கு அப்படித்தான் கிடந்தது. துரைக்கு அதில் பங்கு, முதலாளிக்குப் பங்கு, இனிமேல் வரப்போகிற மாமனாருக்குக்கூடப் பங்கு. எனக்கு மட்டும் பட்டா இல்லை.

“வேலை என்னுது, வவுறு என்னுது. மூஞ்சி மட்டும் ஊருதுங்களா?” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “நான் இன்னிக்கே சேலம் போறேன். யாரு வேண்டாங்கறீங்களோ அவங்க நாளைக்கு அந்தக் கடையில நின்னு டை கட்டி உடுங்க.”

“அப்பன் முன்னால பேசற பேச்சைப் பாருங்க. கேட்டீங்களா மச்சான்?” என்றார் மாமா.

அப்பா வெங்காயத்தின் மிச்சத்தை வாயில் போட்டு மென்றார்.

“கேட்டனுங்க. நானும் ஒண்ணு கேக்கறனுங்க மாப்ள. ஐப்பசியில நான் காச்சல்ல கெடந்தனே, அப்போ இந்த ரெண்டு வண்டியும் எங்கீங்க போயிருந்துது?”

மாமா வண்டியைத் திரும்பிப் பார்த்தார். “அச்சு ஒடைஞ்சு கெடந்துதுங்க மச்சான்.”

“ரெண்டுக்குமுங்களா?”

மாமா கோடி வேட்டியை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

“நான் செத்துட்டேன்னதும் அச்சு தானா ஒட்டிக்கிச்சாக்கும். இவன் பண்ணுனது தப்புத்தான். அதை நான் பாத்துக்கறேன். ஆனா அந்தக் காச்சல்ல ரொட்டியைத் தூக்கிக்கிட்டு சனிக்கெழமை தவறாம வந்தது இவன்தான். உங்க மீசையெல்லாம் அன்னிக்கு எந்தச் சந்தைக்குப் போயிருந்துதுன்னு எனக்குத் தெரியாது.”

அத்தை தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். வண்டியில் ஒரு காலை வைத்திருந்தவர்கள் மறு காலையும் தூக்கி உள்ளே வைத்தார்கள்.

“அந்தக் கோடியை இப்பிடிக் குடுங்க,” என்றார் அப்பா.

“வேண்டாமுங்க மச்சான். அது நல்லதுக்கு வாங்குனதில்லீங்க.”

“எனக்குன்னுதான வாங்குனீங்க? குடுங்க.”

பிறகு, முந்தின நாளிலிருந்து முதல் முறையாக என்னைக் கூப்பிட்டார். என் பக்கம் திரும்பாமல், மாட்டைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டார்.

“டேய், பையை எடு. பஸ்சு வரைக்கும் நான் முன்னால போறேன், நீ பின்னால வா. உன்ற மூஞ்சியைப் பாத்துக்கிட்டு வரோணும்னு எனக்கு ஒண்ணும் தலையெழுத்தில்ல. என்ற மூஞ்சியைத்தான் ஊரு பாக்கோணும்.”

மிச்சக் கூழைக் குடித்துப் போசியைக் கவிழ்த்தார். எழுந்து நின்று, தனக்கு வந்த கோடி வேட்டியை உதறினார். கஞ்சி மொடமொடப்பு பிரியும் சத்தம் வாசல் முழுக்கக் கேட்டது. கட்டியிருந்த பழையதன் மேலேயே அதைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, மீசையை இரண்டு பக்கமும் மேலே தள்ளிவிட்டு, வண்டிகளுக்கு நடுவில் புகுந்து மல்லசமுத்திரம் சந்தைப்பேட்டையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.