வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த நாற்பது விநாடி

எங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்ததை நான் படம் பிடித்திருக்கிறேன். காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலு மணிவரை நடந்ததெல்லாம் நாற்பது விநாடியில் ஓடி முடிந்துவிடும். அப்போது எனக்குப் பதினொரு வயது. அந்த வயதில் நான் செய்த அசட்டுத்தனங்களில் முக்கால்வாசியை வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். இதை மட்டும் ஒருவரும் மறக்கவில்லை, ஒருவரும் பேசுவதும் இல்லை.

அந்த ஆண்டு சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து இரண்டு மாத விடுப்பில் வந்திருந்தார். அவருடைய புதுப் போனில் டைம்லாப்ஸ் என்று ஒன்று இருந்தது. மணிக்கணக்கில் நடப்பதை விரட்டி விரட்டி ஓடவைத்துக் காட்டும். பகலில் சித்தப்பா தூங்கும் நேரமெல்லாம் போன் என்னிடம்தான். உலையில் சோறு பொங்குவதை எடுத்தேன். மாடு அசைபோடுவதை எடுத்தேன். செத்த வெட்டுக்கிளியை எறும்புகள் இழுத்துக்கொண்டு போவதை எடுத்தேன். அம்மா கோலம் போடுவதை எடுத்தபோது, "என்னடி இது, சாமி வந்தவ மாதிரி குதிக்கிறேன்" என்று அவளே பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஊரில் நாலு பேர் என்னைக் கேமராக்காரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தலைகால் புரியவில்லை எனக்கு.

ஒரே தொல்லை, போன் நிற்காது. செங்கல்லை முட்டுக்கொடுத்தாலும் சரிந்துவிடும். அதற்கு வழி கண்டுபிடித்தது அத்தை. அரிசி அளக்கும் படியை எடுத்து, பாதிக்கு மேல் அரிசியை நிரப்பி, போனை அதில் நாற்று நடுவதுபோல் நட்டுக் காட்டினாள். அசையாமல் நின்றது. "இப்ப எடு, ஊரு உலகத்தையே எடு" என்றாள்.

அத்தை, அப்பாவுக்கு ஒரே தங்கை. பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு உள்ள வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. அந்தச் சித்திரையில் ஒரு நாள், கையில் ஒரு மஞ்சள் பையோடு தனியாக வந்து இறங்கினாள். ஆறு வயது மகன் அங்கேயே இருந்துவிட்டான். இல்லை, அனுப்ப மாட்டோம் என்று வைத்துக்கொண்டார்கள். அத்தையின் இடதுகையில் முழங்கைக்கு மேல் கறுத்துக் கன்றிப்போயிருந்தது. என்ன என்று கேட்டேன். கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அத்தைக்குப் பதிலாக அம்மா சொன்னாள். நானும் சரி என்றேன். அத்தை வந்துவிட்டாள், இனித் தலை பின்னிவிட ஆள் கிடைத்தது என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

வீட்டில் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். மாமா வீட்டார்தான் நம் வாசலுக்கு வரவேண்டும். பையனையும் கூட்டிக்கொண்டு வந்து, மாமா நாலு பெரிய மனிதர் முன்னால் வாக்குக் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் அத்தை படியிறங்குவாள். அதுவரை நம் பக்கத்திலிருந்து போனும் கிடையாது, தூதும் கிடையாது. இனிமேல் அவளை அடிக்கமாட்டேன் என்பதுதான் அந்த வாக்கு என்று எனக்குத் தெரிவதற்குப் பல வருடம் ஆனது. பெரியவர்கள் பேசுவார்கள்; நான் போனால் கறிவேப்பிலை விலைக்குப் பேச்சு மாறிவிடும்.

அம்மாதான் இதில் கண்டிப்பானவள். "நீ வாசப்பக்கமே போவாத. அவங்க ஊரு ஆளுங்க பஸ்ஸுல போறாங்க வர்றாங்க. இவ ஏங்கிப்போயி நிக்கிறான்னு ஒரு வார்த்த அங்க போச்சுன்னா, அத்தோட சரி. ஒருத்தனும் வரமாட்டான்" என்று அத்தையிடம் சொல்வாள்.

"எனக்கென்ன ஏக்கம்? வந்தா வரட்டும், வராட்டிப் போவட்டும்" என்பாள் அத்தை. முறத்தில் இருக்கும் அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வாள். அந்த வீம்பு எங்கள் குடும்பத்துச் சொத்து. நிலம் பங்கு பிரிந்தாலும் அது பிரியாமல் எல்லோருக்கும் முழுசாகக் கிடைத்திருந்தது.

வீம்பு பலித்தது. ஆடி பிறந்ததும் மாமா வீட்டார் இறங்கிவந்தார்கள். பதினெட்டாம் பெருக்கு அன்றைக்குப் பையனோடு வருகிறோம், ஒரு நாள் முன்னே பின்னே ஆகலாம் என்று ஆள்மூலம் சொல்லியனுப்பினார்கள். அப்பா முகத்தில் மூன்று மாதத்துக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தேன்.

அந்த வருடம் தண்ணீரும் தாமதம். ஆற்றில் வந்துவிட்டது, எங்கள் வாய்க்காலுக்கு வரவில்லை. நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. பெருக்குக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை; இன்றைக்கு எப்படியும் வந்துவிடும் என்று காலையிலேயே செய்தி வந்தது. காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் வருவதை எடுக்க வேண்டும் என்று நான் பல நாளாகத் தவம் கிடந்தேன். படியில் அரிசியைப் போட்டு, முன்னறை ஜன்னலில் வைத்து, போனைச் சார்ஜ் ஒயரோடு நட்டேன். திரையில் எங்கள் வாசல், அதை ஒட்டி வாய்க்கால், மதகு, அதற்கு அப்பால் பட்டுக்கோட்டைப் பேருந்து நிற்கும் இடம் எல்லாம் விழுந்தன. ஒருத்தரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு நான் மதகுக் கட்டையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மதியத்துக்கு மேல் தண்ணீர் வந்தது. நுரையையும் சருகையும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு பள்ளமாக நின்று நிரப்பிவிட்டு மெதுவாக வந்தது. அப்பா பூவும் ஒரு பிடி விதை நெல்லும் தூவிக் கும்பிட்டார். சித்தப்பா விசில் அடித்தார். ஊரே வாய்க்கால் கரையில் நின்றது.

சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தோம். நிழல் வாசலில் ஊர்ந்தது. மேகங்கள் ஓடின. மாடு ஒன்று தோன்றி மறைந்தது. பிறகு அத்தை வந்தாள். துடைப்பத்தோடு வாசலுக்கு ஓடிவந்து, ரோட்டைப் பார்த்து நின்று, உள்ளே ஓடினாள். குடத்தோடு வந்தாள், ரோட்டைப் பார்த்தாள், ஓடினாள். முறத்தோடு வந்தாள். ஒரே துண்டை மூன்று முறை கொடியில் காயப்போட்டு மூன்று முறை எடுத்தாள். அந்தப் பக்கம் பேருந்து வந்து நின்று பறக்கும்போதெல்லாம் இந்தப் பக்கம் அத்தை, கையில் ஏதாவது ஒரு சாக்கோடு. நடுவில் தண்ணீர் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் எண்ணினேன். பதினொரு முறை. அத்தையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுப்பைப் பார்க்க எழுந்துபோனாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

இவ்வளவு நல்ல படத்தை வீட்டுக்குள் வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. குதியாட்டமான இசை ஒன்றைச் சேர்த்தேன். "எங்க அத்தை தண்ணிக்காகக் காத்திருக்காங்க" என்று எழுதினேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஊரே தண்ணீருக்குக் காத்திருக்கும்போது அத்தை வேறு எதற்குக் காத்திருப்பாள்? சித்தப்பா கடைக்குப் புறப்படுமுன் போனைப் பிடுங்கிவிடுவாரே என்று அவசரமாக அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டேன். அவர் போனில் மாமாவின் நம்பரும் இருந்தது.

பதினெட்டாம் பெருக்கு விடிந்தது. அம்மா விடியற்காலையிலேயே எழுந்து எலுமிச்சம்பழச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு என்று கிளறி இறக்கியிருந்தாள். சம்பந்திகள் உட்காரப் பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலிகள் வந்திருந்தன. வாக்குக்குச் சாட்சியாக அழைத்த பெரியவர்கள் இரண்டு பேர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து மணி பேருந்தில் யாரும் இறங்கவில்லை. சித்தப்பாவின் போன்தான் அடித்தது. மாமா. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சித்தப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"வீடியோ பாத்தோம் மச்சான். நல்லா இருந்துச்சு" என்றார் மாமா. குரலில் சிரிப்பு இருந்தது. "நாளு பூரா ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்கிறா. இதுல நாங்க வேற வந்து கூப்புடணுமா? ஆறு பஸ் ஓடுதுல்ல, ஏறி வரச் சொல்லுங்க."

மூன்று மாதம் எல்லோரும் பல்லைக் கடித்துக் காப்பாற்றிய கெத்தை நாற்பது விநாடியில் நான் காற்றில் விட்டிருந்தேன். பெரியவர் ஒருவர் வெற்றிலைச் சாற்றைத் துப்ப எழுந்து வெளியே போனவர், திரும்பி உள்ளே வரவே இல்லை.

அந்தப் பக்கம் போன் அதற்குள் கைமாறியிருந்தது. சின்னக் குரல் ஒன்று கேட்டது. "அம்மா, வீடியோவுல நீ ஏன் ஓடிக்கிட்டே இருக்க?"

அத்தை சமையலறை வாசலில் நின்றிருந்தாள். போன் மறுபடியும், "அம்மா?" என்றது. பிறகு இணைப்பு அறுந்துவிட்டது.

அப்பா சித்தப்பா பக்கம் திரும்பி, "சின்னப் புள்ள கையில போனக் குடுத்துட்டுத் தூங்குறியேடா, நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று கத்தினார். சித்தப்பா என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்ன தப்பு என்று தெரியாமலே எனக்கு அழுகை முட்டியது. அத்தைதான் வந்து என்னை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"அத ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணே. அது என்ன பண்ணும்? நடந்ததத்தான எடுத்துச்சு."

அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் வாய்க்காலுக்குப் போகவில்லை. தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கிளறிய சோறு அப்படியே இருந்து, மறுநாள் மாட்டுக்குப் போனது.

மறுநாள் காலை அத்தை அதே மஞ்சள் பையோடு கிளம்பினாள். "நாலு நாள் பொறு. நான் வேற ஆள வச்சுப் பேசுறேன்" என்று அப்பா கெஞ்சினார். அப்பா கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். "புள்ள கூப்புட்டுட்டான் அண்ணே" என்றாள் அத்தை. எட்டரைப் பேருந்தில் ஏறினாள். வாக்கும் இல்லை, சாட்சியும் இல்லை, அழைத்துப்போக ஆளும் இல்லை. அப்பா பேருந்தைப் பார்க்காமல் நாற்றங்கால் பக்கம் திரும்பி நின்றார்.

எனக்கோ மனம் லேசாகிவிட்டது. அத்தை மகனிடம் போகிறாள், இதில் அழ என்ன இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சுவரை கேட்கும்படி சொன்னேன்: என் வீடியோவைப் பார்த்துத்தான் மாமா அத்தையைக் கூப்பிட்டுக்கொண்டார் என்று. தோழிகள் கைதட்டினார்கள். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அடுத்த சித்திரையில் கோயில் திருவிழாவுக்கு அத்தை மகனோடு வந்தாள். இளைத்திருந்தாள். வெயில் மண்டையைப் பிளந்த அந்த நாளில், மணிக்கட்டுவரை கை நீண்ட ரவிக்கை போட்டிருந்தாள். டவுனில் இப்போது அதுதான் நாகரிகம் போலிருக்கிறது என்று நினைத்து, எனக்கும் அதேபோல் தைத்துத் தரச் சொல்லி அம்மாவிடம் அடம்பிடித்தேன். அம்மா பட்டென்று முதுகில் ஒன்று வைத்தாள். எதற்கு என்று சொல்லவில்லை.

அப்போது அம்மாவிடமே ஒரு போன் வந்திருந்தது. பழைய படியைத் தேடி எடுத்து, அரிசியைப் போட்டு, போனை நட்டேன். அத்தையும் மகனும் கூடத்தில் உட்கார்ந்து பூக்கட்டுவதை எடுக்க வேண்டும் என்று ஆசை. அத்தை படியைப் பார்த்தாள். பூவை அப்படியே கீழே வைத்தாள். மகனை நகர்த்தி நடுவில் உட்காரவைத்து, தலையைக் கோதிவிட்டு, எழுந்து சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். போனுக்கு எந்த இடம்வரை தெரியும், எங்கே தெரியாது என்று அளந்து வைத்தவள்போல், சரியாக அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றாள்.

"வாங்க அத்தை, நீங்களும் வந்து உக்காருங்க" என்றேன்.

"என்ன விட்டுடு கண்ணு. அவன மட்டும் எடு" என்றாள்.

அத்தைக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டு நான் பொத்தானை அழுத்தினேன்.