யந்திரம் உன்னுது, குண்டு என்னுது

“அரக்கிக்குண்டில முங்கினேன்னா, ஆலுவா மணப்புறத்துலதான் எழுந்திருப்பேன். அப்படி எழுந்திருக்கலையோ, இந்த ஆத்துப் பந்தியில முதல் இலை நேக்கு வேண்டாம். இதோ, இவன் உக்காந்துக்கட்டும்.”

1962ஆம் வருஷத்துச் சித்திரை விஷுவன்று, திருப்பூணித்துறையில் மாமனார் வீட்டுக் கூடத்தில், சக்கப் பிரதமன் என்ற பலாப்பழப் பாயசம் வழிந்த வலது கையை உயர்த்தி, மட்டாஞ்சேரி லக்ஷ்மிநாராயணன் செய்த பிரகடனம் இது. பரிமாறிக்கொண்டிருந்தவர்களின் கரண்டிகள் அந்தரத்தில் நின்றன.

அரக்கிக்குண்டு என்பது ஆலுவாவுக்குக் கிழக்கே, செம்பாறை மேட்டில், எப்போதோ தரை உள்வாங்கி விழுந்ததில் உண்டான வட்டமான பெரும்பள்ளம். அதில் நல்ல தண்ணீர் நிற்கிறது. தண்ணீருக்கு அடியில் ஒரு குகை வாய் பிளந்திருக்கிறது. குகை எங்கே போய் முடிகிறது என்று பார்த்தவர் இல்லை. அதில் போட்ட எலுமிச்சம்பழம் ஆலுவாப் புழையில், மணப்புறம் என்கிற ஆற்று மணல்திட்டுப் பக்கம், மிதந்தது என்று ஊரில் ஒரு பேச்சு. எலுமிச்சம்பழம் போன வழியில் லக்ஷ்மிநாராயணன் போவதற்கு என்ன தடை? இரண்டுக்கும் உருவ ஒற்றுமைகூட இருந்தது.

ஆனால் முதல் இலையைப் பணயம் வைத்ததுதான் பெரிய காரியம். அவருக்கு இந்த உலகத்தில் சொந்தம் என்று இருந்தது அது ஒன்றுதான். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு குஜராத்தி சேட்டுவின் மிளகுப் பண்டகசாலையில் அவர் சாவிக்காரர். காலையில் திறப்பார், மாலையில் பூட்டுவார், நடுவில் தும்முவார். குடியிருப்பது வாடகை வீடு. ஆனால் திருப்பூணித்துறையில் பந்தி விரித்துவிட்டால், மூத்த பெண் கனகாம்பாளைக் கைப்பிடித்த மூத்த மாப்பிள்ளை அவர். முதல் அப்பளம் அவர் இலையில் விழுந்த பிறகுதான் மற்ற இலைகளுக்கு அப்பளம் என்ற ஒன்று உண்டு.

“இதோ, இவன்” என்று சுட்டப்பட்டவன் வெங்கிடேஸ்வரன். இளைய பெண் நீலாம்பாளின் புருஷன். அதாவது லக்ஷ்மிநாராயணனுக்கு ஷட்டகன். அக்காளையும் தங்கையையும் கட்டிக்கொண்ட இரண்டு ஆண்களின் உறவுக்கு, வாயில் போட்டால் பல்லில் இடறுகிற இப்படி ஒரு சொல்லை நம் பெரியவர்கள் காரணமில்லாமல் தேர்ந்தெடுக்கவில்லை.

வெங்கிடேஸ்வரன் செய்த குற்றங்களுக்குக் கணக்கில்லை. வில்லிங்டன் தீவில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலைக்குப் போனான். ரேடியோ வாங்கினான். “ராத்திரி பூரா அதைக் கேட்டா காதுல சீழ் கட்டும்” என்று லக்ஷ்மிநாராயணன் எச்சரித்தார். கட்டவில்லை. ஸ்கூட்டர் வாங்கினான். “அதுல உக்காந்தா மூலம் வரும்” என்றார். அதுவும் வரவில்லை. எல்லாவற்றையும்விடக் கொடுமை, அவன் அவரை ஒரு தடவைகூட மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. எதற்கும் “அண்ணா, அண்ணா” என்றே வந்து நிற்பான். வெறுப்பதற்கு ஒரு பிடி கொடுக்க வேண்டாமா மனுஷன்?

இப்போது விஷுவுக்கு அவன் கொண்டுவந்து இறக்கிய செய்தி வேறு மாதிரி. நார்வேக் கப்பல் ஒன்றின் எஞ்சினீயர், காய்ச்சலில் கிடந்தபோது பார்த்துக்கொண்டதற்காக, அவனுக்கு ஒரு பரிசு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். முதுகில் கட்டிக்கொள்ளும் இரும்புக் குப்பி, அதிலிருந்து வாய்க்குக் காற்றுக் கொண்டுவரும் ரப்பர் குழாய், கண்ணாடி முகமூடி, வாத்துக்கால் மாதிரி இரண்டு செருப்பு. குப்பிக்குள் அடைத்த காற்றைச் சுவாசித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் தண்ணீருக்கடியில் மீன் மாதிரி திரியலாம். தீர்ந்தால் மறுபடி நிரப்ப அந்தக் கப்பலே திரும்பி வர வேண்டும். ஆக, கையில் இருந்தது ஒரே ஒரு குப்பிக் காற்று.

“சும்மா, கோட்டைக்கொச்சிக் கரையோரமா முங்கிப் பாக்கலாம்னு இருக்கேன்” என்று வெங்கிடேஸ்வரன் அடக்கமாகச் சொன்னான்.

“அம்மாடி, என்ன தைரியம்” என்றாள் மாமியார் லோகாம்பாள். சொன்னதோடு நிற்கவில்லை. கையிலிருந்த நெய்க் கரண்டி முதல் இலையைத் தாண்டி நேராக இரண்டாம் இலைக்குப் போய்க் கவிழ்ந்தது. கரண்டி போன வழியை லக்ஷ்மிநாராயணன் தலையைத் திருப்பிப் பார்த்தார். மேலே சொன்ன பிரகடனம் பிறந்தது அந்தக் கணத்தில்தான்.

“கடலாவது. உப்பும் சேறும். குழந்தைகள் கால் நனைக்கற எடம். நேக்குத் தெரிஞ்ச எடம் ஒண்ணு இருக்காக்கும்” என்று ஆரம்பித்து ஆலுவாவில் முடித்தார். அரக்கிக்குண்டை அவர் பார்த்ததில்லை. சுக்கு மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரன் சொல்லக் கேட்டதுதான். அதனால் என்ன?

“யந்திரம் உன்னுது, குண்டு என்னுது. அப்போ யார் முதல்ல இறங்கணும்னு நான் சொல்லணுமா?”

“வேண்டாம் அண்ணா. நீங்கோதான்” என்றான் வெங்கிடேஸ்வரன்.

அன்று தொடங்கிய திட்டமிடல் இரண்டு மாதம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் வெங்கிடேஸ்வரன் வீட்டில் சபை கூடும். யந்திரம் இருந்த இடம் அது. இருந்த ஒரே நாற்காலியில் லக்ஷ்மிநாராயணன் அமர்வார். யந்திரத்தின் சொந்தக்காரன் பாயில் உட்காருவான். நீலாம்பாள் காப்பி கொண்டுவந்தால், டம்ளர் எந்தப் பக்கம் முதலில் போகிறது என்று ஓரக்கண் கவனித்துக்கொள்ளும்.

முதல் விஷயம் நாள். பஞ்சாங்கத்தில் சீமந்தத்துக்கும் கிருகப்பிரவேசத்துக்கும் நாள் இருந்தது. குண்டுக்குள் இறங்க இல்லை. கடைசியில் ‘கிணறு வெட்ட’ என்று போட்டிருந்த ஒரு சனிக்கிழமையை, கிட்டத்தட்ட அதே காரியம்தான் என்று அவர் தேர்ந்தெடுத்தார்.

அடுத்தது கயிறு. இறங்குகிறவர் இடுப்பில் ஒரு முனை, கரையில் இருப்பவர் கையில் மறு முனை. இழுத்தால் ஆபத்து என்று அர்த்தம். வெங்கிடேஸ்வரன் ஒரு சுருள் கயிறு போதும் என்றான். லக்ஷ்மிநாராயணன் சிரித்தார். “ஆலுவா வரைக்கும் போறவனுக்கு அது எந்த மூலைக்கு?” மட்டாஞ்சேரிக் கடைகளில் கிடைத்த நல்ல கயிற்றுச் சுருளெல்லாம் ஒன்றோடொன்று முடியப்பட்டு யானைத் தலை உயரத்துக்குக் குவிந்தது.

“எதுக்கும் அண்ணா, ஆலுவாவுல எழுந்தேள்னா கயித்தை அவுத்துட்டு பஸ்ஸுல வந்துடுங்கோ. நான் இங்கே சுருட்டிக்கறேன்.”

இது பக்தியா, பரிகாசமா? லக்ஷ்மிநாராயணன் இரண்டு ராத்திரி புரண்டு புரண்டு ஆராய்ந்தார். பக்தி என்று தெரிந்தபோது இன்னும் எரிந்தது.

மூச்சடக்கும் பயிற்சியும் நடந்தது. வீட்டிலிருந்த பித்தளை அண்டாவில் தண்ணீர் நிரப்பி, முகத்தைக் கவிழ்த்து மனசுக்குள் எண்ணுவார்.

“ஏன்னா, எவ்வளவு நேரம். அரிசி களையணும்” என்பாள் கனகாம்பாள்.

“யாருகிட்டப் பேசறேன்னு தெரியுமா நோக்கு?”

“அண்டாகிட்டன்னா பேசிண்டிருக்கேன். உங்க மூஞ்சி எங்கே தெரியறது?”

பாக்கி இருந்தது லீவு. இங்கேதான் மொழி காலை வாரிவிட்டது. கொச்சித் தமிழர் வீட்டில் பேசுவதை ஓர் இழுப்பு இழுத்தால் மலையாளம் ஆகிவிடும் என்பது எங்கும் உள்ள நம்பிக்கை. பெரும்பாலும் ஆகியும் விடுகிறது. வீட்டில் ‘முங்கறது’ என்றால் தண்ணீருக்குள் போவது. மலையாளத்திலும் அப்படித்தான். ஆனால் பண்டகசாலை, சீட்டுக் கம்பெனி போன்ற இடங்களில் ஒருவன் ‘முங்ஙி’ என்றால், கம்பி நீட்டிவிட்டான் என்று பொருள்.

லக்ஷ்மிநாராயணன் நேரே மானேஜர் பாஸ்கர மேனோனிடம் போய், மார்பை நிமிர்த்தி, “சனியாழ்ச்ச ஞான் முங்ஙும்” என்று அறிவித்தார்.

மேனோன் பேனாவை வைத்தார். “எங்ஙோட்டு, சாமி?”

“ஆலுவாய்க்கு அப்புறம். பூமிக்கு அடியில. ஆரும் தேட வேண்டாம்.”

மேனோன் தன் சர்வீஸில் எத்தனையோ பேர் முங்கிப் பார்த்தவர். முன்கூட்டியே நாள் குறித்துச் சொல்லிவிட்டு முங்குகிறவரை இப்போதுதான் பார்க்கிறார். கையை நீட்டிச் சாவிக்கொத்தை வாங்கிப் பெட்டியில் வைத்தார். விஷயம் விளங்கிய பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் சாவியைத் திருப்பித் தரவில்லை. “சாமி பொங்ஙிட்டு வா. அப்போ தராம்” என்றார். மேலே எழுந்து வந்தால் தருகிறாராம்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகு ஏறி, எர்ணாகுளத்தில் பஸ் பிடித்து, ஆலுவாவில் இறங்கி, கயிற்றுக்கென்றே ஒரு மாட்டுவண்டி வைத்துக்கொண்டு போனார்கள். கனகாம்பாள் புளியஞ்சாதமும் தயிர்சாதமும் கட்டிக் கொடுத்திருந்தாள். “மணப்புறத்துல எழுந்தேள்னா, அங்கே மண்சட்டி நன்னா இருக்கும். ரெண்டு வாங்கிண்டு வாங்கோ” என்றும் சொல்லியனுப்பினாள்.

அரக்கிக்குண்டு சொன்னபடியே இருந்தது. அதுதான் லக்ஷ்மிநாராயணனைக் கலக்கியது. இப்படிப்பட்ட இடங்கள் நேரில் பார்த்தால் சின்னதாக இருக்க வேண்டாமோ? சுற்றிலும் செங்குத்தான செம்பாறை. ஒரு பக்கம் மட்டும் மண் சரிந்து தண்ணீருக்குப் பாதை. தண்ணீர் பச்சை. பாதையின் தலையில் ஒரு சாயாக்கடை. கடைக்காரர் ஔசேப்புச் சேட்டன் அடுப்பை விட்டு எழுந்து வந்து கரையில் குத்திட்டு உட்கார்ந்துகொண்டார்.

வெங்கிடேஸ்வரனே குப்பியை அவர் முதுகில் கட்டினான். முகமூடியைத் துடைத்து மாட்டினான். “பாதிக் காத்து நீங்கோ, பாதிக் காத்து நான். பயமா இருந்தா கயித்தை இழுத்துடுங்கோ அண்ணா” என்றான். பயமா? லக்ஷ்மிநாராயணன் பதில் சொல்லியிருப்பார். வாயில் ரப்பர் இருந்தது.

இறங்கினார். தலை முங்கியதும் காலுக்கு ஒரு பாறைப் படி தட்டுப்பட்டது. நின்றார். பக்கத்தில் ஒரு மரவேர் தண்ணீருக்குள் நீண்டிருந்தது. பிடித்துக்கொண்டார். பிறகு குனிந்து பார்த்தார்.

படிக்குக் கீழே படி இல்லை. பச்சை கறுப்பாகி, கறுப்புக்குள் இன்னும் கறுப்பாக ஒரு வாய் திறந்திருந்தது. எலுமிச்சம்பழத்துக்கு மனம் இல்லை, பயம் இல்லை, கனகாம்பாள் இல்லை. அது போகும்.

மேலே ஏறிவிடலாம் என்று ஒரு காலை எடுத்தார். எடுத்த கால் அங்கேயே நின்றது. இப்போது ஏறினால் என்ன ஆகும்? மீதிக் காற்றோடு அவன் இறங்குவான். அந்த வாய்க்குள் போவான். போவான், அவனுக்குப் பயம் கிடையாது. ஒருவேளை நிஜமாகவே ஆலுவாவில் எழுந்தும் விடுவான். ரேடியோவும் ஸ்கூட்டரும் வைத்திருக்கிறவனுக்கு ஆலுவா மட்டும் கிடைக்காமல் போகுமா? எழுந்து, மணப்புறத்து மண் ஒட்டிய காலோடு வந்து, “எல்லாம் அண்ணா காட்டின வழி” என்பான். மாமியாரின் நெய்க் கரண்டி இனி முதல் இலையைக் கண்ணாலும் பார்க்காது.

காற்று இருந்தால்தானே இறங்குவான்.

லக்ஷ்மிநாராயணன் வேரை இறுகப் பிடித்துக்கொண்டு சுவாசிக்க ஆரம்பித்தார். அத்தனை கடமையுணர்ச்சியோடு கொச்சி ராஜ்யத்தில் யாரும் மூச்சு விட்டிருக்க மாட்டார்கள். உள்ளே இழுத்தது வெங்கிடேஸ்வரனின் பங்கு. வெளியே விட்டதும் அவன் பங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் மனசு ஒரு படி குளிர்ந்தது. விரல்நுனி சுருங்கி, பல் தந்தியடிக்க, குப்பியிலிருந்து காற்று முனகிக்கொண்டு வர மறுக்கும்வரை நின்றார். பிறகு, நெடுந்தூரம் போய் வந்தவரைப் போல் கைகளை வீசிக்கொண்டு, இறங்கின இடத்திலேயே எழுந்தார்.

கரையில் முதலில் கண்ணில் பட்டது கயிறு. குவித்தது குவித்தபடி, ஒரு சுற்றும் குறையாமல், காய்ந்து கிடந்தது. அதன் மறுமுனை வெங்கிடேஸ்வரன் கையில் இருந்தது.

“உள்ளே… ரொம்ப தூரம்…” என்று ஆரம்பித்தார் லக்ஷ்மிநாராயணன்.

“குளுர்றதா அண்ணா? தலையைத் துவட்டுங்கோ” என்று வெங்கிடேஸ்வரன் துண்டை நீட்டினான்.

ஔசேப்புச் சேட்டனுக்கு அத்தனை நாசூக்குக் கிடையாது. கடையில் சாயாவை ஆற்றிக் கொடுத்துக்கொண்டே சகலமும் சொன்னார். மூச்சு விட்டால் குமிழி மேலே வரும் என்பது சாவிக்காரருக்குத் தோன்றவே இல்லை. முக்கால் மணி நேரமும், கரையிலிருந்து கை எட்டும் தூரத்தில், ஒரே இடத்தில், உலை கொதிக்கிற மாதிரி குமிழி வந்துகொண்டிருந்ததாம்.

“ஞான் இந்த சாரிடத்து சோதிச்சு, சாமி முங்ஙியோன்னு. முங்ஙின்னு பறஞ்ஞு. ஏது முங்ஙல்னு ஞான் சோதிச்சு.” ஔசேப்பு கிளாஸை நீட்டினார். “என்டெ எருமை நிற்குந்ந படியாணு சாமீ அது. அதும் இத்தற நேரம் நிற்கில்லா.”

சாமி முங்கினார் என்று வெங்கிடேஸ்வரன் சொன்னதும், தண்ணீரிலா, கம்பி நீட்டியா, எந்த முங்கல் என்று கேட்டாராம். தன் எருமை நிற்கிற படியாம். எருமைகூட இத்தனை நேரம் நிற்காதாம். லக்ஷ்மிநாராயணன் சாயாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெங்கிடேஸ்வரன் சிரிக்கவில்லை. வெறும் குப்பியைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். அந்த நார்வேக் கப்பல் அதற்குப் பிறகு கொச்சிக்கு வரவே இல்லை.

பாஸ்கர மேனோன் சாவியைத் திருப்பித் தந்தார். கனகாம்பாள், “சட்டி எங்கே?” என்றாள். திருப்பூணித்துறையிலிருந்து விசாரித்தவர்களுக்கெல்லாம் வெங்கிடேஸ்வரன் ஒரே பதில்தான் சொன்னான். “குப்பியில காத்து போறலை. ஆனா அண்ணா நன்னா முங்கினார்.” அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

லக்ஷ்மிநாராயணன் காத்திருந்தார். எருமைப் படி விஷயத்தை அவன் எங்கேயாவது சொல்லட்டும், பொறாமையில் புளுகுகிறான் என்று ஒரு பிடி பிடித்துவிடலாம். மழைக்காலம் முழுவதும் காத்திருந்தார். அவன் நீலாம்பாளிடம்கூடச் சொல்லவில்லை. ரேடியோ, ஸ்கூட்டர் வரிசையில், இப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது மூன்றாவது. முதல் இரண்டையாவது கடனோ உடனோ வாங்கி நாமும் வாங்கிவிடலாம். இதை எந்தக் கடையில் வாங்குவது?

ஓணம் வந்தது. திருப்பூணித்துறைக் கூடத்தில் இலை விரித்தார்கள். முதல் இலைக்கு முன்னால் லோகாம்பாள் மணையை நகர்த்திப் போட்டு, “வாங்கோ மாப்பிள்ளே. தண்ணி தெளியற காலத்துல இன்னொரு தரம் போய் ஆலுவா பாத்துட்டாப் போச்சு” என்றாள். யாருக்கும் எதுவும் தெரியாது. வழக்கம்போல் வெங்கிடேஸ்வரன் இரண்டாம் இலைக்குப் பின்னால் நின்று, அண்ணா உட்காரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தான்.

லக்ஷ்மிநாராயணன் முதல் இலையைப் பார்த்தார். அகலமான இலை. நுனி கிழியாத இலை. அதைச் சுற்றிக்கொண்டு போய், வெங்கிடேஸ்வரனை முழங்கையால் லேசாக ஒதுக்கி, இரண்டாம் இலையின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“அது வெங்கிடுவோட எடம்னா?” என்றார் மாமனார்.

லக்ஷ்மிநாராயணன் டம்ளரிலிருந்து கொஞ்சம் தண்ணீரைக் கையில் விட்டு, இரண்டாம் இலையில் தெளித்து, மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தார்.