யானைக்கு விருந்தில் இடமில்லை

கதை சொல்லிச் சங்கீதம் கற்றுத்தருகிறேன் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் மன்றத்துக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு டீச்சர் வந்தார். குரல் தேன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஏழு ஸ்வரத்துக்கும் ஏழு உயிர்களைச் சொல்லி, ச மயில், ரி காளை, ம நாரை, த குதிரை என்று பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். என் ஐந்து வயது மகளுக்கு நி. அதாவது யானை. கையைத் தும்பிக்கையாக ஆட்டிக்கொண்டு வீடு முழுக்கப் பாடித் திரிந்தாள். குக்கர் விசில்கூடக் காதில் விழாது.

ஒரு வாரம் மோகன ராகம். அதில் மவும் நியும் வராதாம். டீச்சர் அதைக் கதையாக்கினார்: மோகன ராஜா விருந்து வைக்கிறார், நாரையையும் யானையையும் மட்டும் கூப்பிடவில்லை. கதையோடு விட்டாரா? நாரைக் குழந்தையையும் என் மகளையும் வாசலில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்களைப் பாடவைத்தார். நான் அழைத்துவரப் போனபோது செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

அதன்பின் பாட வாயே திறக்கவில்லை. கெஞ்சினால், "ராஜா திட்டுவாரும்மா" என்பாள்.

அடுத்த சனிக்கிழமை நேரே போய் நின்றேன். "இன்னா டீச்சர் இது? கொழந்தைய வாசல்ல குந்த வெச்சிகினு இன்னா பாட்டு வேண்டிக்கீது?"

"அது ராக லட்சணம்மா. நான் மாத்த முடியுமா?"

"ராகத்த யாரு மாத்தச் சொன்னா? எம்பொண்ண உள்ள உக்கார வைங்க!"

டீச்சர் முகம் சிவந்துவிட்டது. "சரி, இன்னிக்கு ஹம்சத்வனி. அதுல நி உண்டு" என்றார். ஜெயித்துவிட்ட மிதப்பில் நான் ஜன்னலோரம் நின்றுகொண்டேன்.

ஹம்சத்வனி ராஜாவும் விருந்து வைத்தார். இந்த முறை அழைப்பில்லாதவை நாரையும் குதிரையும். டீச்சர் யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை, என் வாய்க்குப் பயந்திருப்பார். நாரைக் குழந்தை தானாகவே எழுந்து வாசலுக்குப் போனது. குதிரை எங்கள் பக்கத்து வீட்டுப் பெண், என் மகளோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவள். அவள் நகரவில்லை.

என் மகள் எழுந்தாள். குதிரையின் தோளைப் பிடித்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போனாள். "குதிரய ராஜா கூப்புடல. போடி வெளிய!" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

பிறகு வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்து, வாய் நிறையப் பாடினாள். டீச்சர் என்னையே பார்த்தார். நானும் முறைத்தேன். பிறகு நானே போய்க் கதவைத் திறந்தேன்.