சர்க்கரை மாறிய காப்பிகள்

"தலைக்குக் கரண்டு வைக்கிறது எனக்கு மட்டுமா டாக்டர், மண்டைக்குள்ளே உக்காந்திருக்கிற ரெண்டு பேருக்கும் சேத்தா?" என்றுதான் வக்தி முதலில் கேட்டான். பக்கத்தில் இருந்த அக்கா இன்ஷிராஹ் தலைத்துணி முனையால் சிரிப்பை அடக்கினாள். அந்த இரண்டு பேர் எட்டு வருடமாக அவனைத் திட்டித் தீர்த்த குரல்கள். மூன்று மருந்துகள் அவர்களிடம் தோற்றுவிட்டன.

டாக்டர் நெர்மீன் விளக்கினார். மயக்க ஊசி போட்டுத் தூங்கவைப்போம், வலி தெரியாது, வாரம் இரண்டு தடவை, மொத்தம் பன்னிரண்டு.

"கொஞ்ச நாளைக்கு மறதி இருக்கும். பெரும்பாலும் சரியாயிடும்."

"பெரும்பாலும்னா? நான் காப்பிக்கடைல வேலை பாக்கறவன் டாக்டர்."

வக்தியின் முகம் சுண்டிப்போனது. எகிப்தின் தாந்தா ஊரில் ஹாஜி ஷிஹாத்தாவின் கடையில் நாற்பது நாற்காலி. யாருக்குச் சர்க்கரை இல்லாமல், யாருக்கு அளவாக, யாருக்குத் தூக்கலாக என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல், நடுவில் நின்று அடுப்படிக்குப் பாட்டாகவே பாடிவிடுவான். குரல்கள் எவ்வளவு கத்தினாலும் ஒரு கோப்பை மாறியதில்லை. அதுவும் போய்விட்டால் அவனிடம் என்ன மிஞ்சும்? ஒரு வாரம் யோசித்து, அவனே கையெழுத்துப் போட்டான்.

முதல் நாளே வீணானது. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தும், தம்பியைப் பட்டினியாக வாசல் தாண்டவிட மனம் வராமல், இன்ஷிராஹ் ரொட்டியில் அவரைக்கூழை அடைத்து ஊட்டிவிட்டாள். சாப்பிட்டவனுக்கு மயக்க ஊசி போட முடியாதென்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பன்னிரண்டு முடிந்த வாரம் வக்தி காதைத் தடவிக்கொண்டு வந்தான். "காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க அக்கா. சொல்லிக்கக்கூட இல்லை."

அவன் வேலைக்குத் திரும்பிய அன்று மதியச் சாப்பாட்டோடு போன இன்ஷிராஹ் கடை வாசலிலேயே நின்றுவிட்டாள். வக்தி பழையபடி பாடினான். ஆனால் வந்த கோப்பை ஒவ்வொன்றும் இடம் மாறியிருந்தது. கறிக்கடை முஷ்தஹா பிறந்ததிலிருந்து தொடாத செம்பருத்திச் சாற்றை உறிஞ்சி, உன் கையே கை என்றார். சர்க்கரை வியாதிக்கார வாத்தியார் லபீப், பாகு மாதிரி இருந்த காப்பியைப் புகழ்ந்துகொண்டே மேசைக்கடியில் பூனைத் தட்டில் சாய்த்தார். பூனை முகர்ந்துவிட்டு வாத்தியாரை முறைத்தது. அவன் மனம் நோகக்கூடாதென்று கடையே உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வக்தி பூனையையும் அதன் தட்டில் கிடந்த காப்பியையும் பார்த்தான். கையிலிருந்த கோப்பைத் தட்டோடு வாசலுக்கு வந்து, தோள் குலுங்கச் சிரித்தான்.

"அக்கா, ஒரு உதவி பண்ணு. இவங்களை என்னைத் திட்டச் சொல்லு. தப்புன்னு யாராவது திட்டினாத்தானே கத்துக்குவேன்? உள்ளேருந்து திட்ட இப்ப ஆள் இல்லை."