ஓடையில் கழுவிய மருந்து டேங்கி

கொத்மலை நீர்த்தேக்கத்தைப் படம் பிடிக்க எங்கிருந்தெல்லாமோ வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். அதில் போய் விழும் ஓடைகளில் ஒன்று தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடுகிறது. அதை ஒருவரும் படம் பிடித்ததில்லை. எங்கள் பன்னிரண்டு வீடும் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். மேட்டில் ஒரு குழி வெட்டி, அதிலிருந்து குழாய் போட்டு, லயத்தடியில் பீலியாக விழவைத்திருக்கிறோம்.

அந்தக் குழியில் நண்டு இருக்கும். அதைப் பிடிக்கக் கூடாது என்பது லயத்துச் சட்டம். குழியைச் சுத்தம் பண்ணப் போகிறவர்கள் முதலில் கல்லைப் புரட்டி நண்டைத்தான் பார்ப்பார்கள். நண்டு ஓடினால் தண்ணீர் நல்ல தண்ணீர். தண்ணீரைச் சோதிக்க எந்த அதிகாரியும் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை; எங்களுக்கு நண்டுதான் அதிகாரி.

அந்த நண்டுகளைக் கொன்றவள் நான்.

என் வீட்டுக்காரர் தேயிலை மலையில் புல்லுக்கு மருந்து அடிப்பவர். முதுகில் சுமக்கும் டேங்கியை மருந்து ஸ்டோர் குழாயில் கழுவி வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். அந்தக் குழாயில் மாதக்கணக்காகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. கேட்டால் பார்ப்போம் என்பார்கள். அதனால் ஆட்கள் டேங்கியைத் தூக்கிவந்து, லயத்துக்குக் கீழே ஓடையில் கழுவினார்கள். அதற்கும் கீழே மீனும் மனுசரும் இருப்பது எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அன்று மருந்து அடித்துவிட்டு வந்த அவருக்குக் காய்ச்சல். கழுவ நான் போனேன். மழையில் கீழ்ப்பாதை சரிந்து கிடந்தது. ஒரு நாள்தானே என்று மேட்டுக்கு ஏறி, குழிக்கு மேலேயே கழுவிவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் பீலியில் தலைப்பிரட்டைகள் செத்து விழுந்தன. ஓடிப்போய்ப் பார்த்தேன். குழியில் நண்டுகள் மல்லாந்து கிடந்தன. வாசல் வாசலாக ஓடிக் கத்தினேன்.

"யாரும் குடிக்காதீங்க! நாந்தான் மேல மருந்து கழுவிட்டேன்!"

நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வாங்க வேண்டியதுதான்.

லயமே திரண்டு முறையிட்டதும், தோட்டத்து ஆபீசில் என்னைக் கூப்பிட்டார்கள். தப்பு முழுக்க என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார் கணக்கப்பிள்ளை. நான் கழுவியதை எழுதினேன். அடுத்த வரியில், ஸ்டோர் குழாயில் தண்ணீர் இல்லாததையும் எழுதினேன். கிழித்துப் போட்டார். இரண்டாவது காகிதத்திலும் அதையே எழுதினேன். அதையும் கிழித்தார்.

"ரெண்டு நண்டு செத்ததுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

"அது செத்ததாலதாங்க எங்க புள்ளைங்க பொழச்சுதுங்க. என் தப்ப நான் ஒளிக்கல. ஒங்க தப்ப நான் ஏன் ஒளிக்கணும்?"

"இப்படியே எழுதுனா ஒன் புருஷனுக்கு நாளையிலருந்து வேல இல்ல."

என் வீட்டுக்காரர் காய்ச்சலோடு கதவருகே நின்றுகொண்டிருந்தார். கையெழுத்தைப் போட்டுத் தொலைத்துவிடு என்று வழியெல்லாம் கெஞ்சியவர். ஆனாலும் எனக்குக் கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. மூன்றாவது காகிதத்திலும் அதே இரண்டு வரிகளை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் உள்ளே வந்தார். கணக்கப்பிள்ளை காகிதத்துக்குக் கை நீட்டுவதற்குள் என்னிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார்.

"கொஞ்சம் தள்ளு," என்றார்.

என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார்.