வெட்டுக்கு நூறு ரூபாய்

அன்றைக்கு எங்கள் தோப்பில் இருந்தது ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரி, அவளுடைய தங்கச்சி, பக்கத்துத் தோப்புக்கார அண்ணன், எர்ணாகுளத்திலிருந்து காரில் வந்த முதலீட்டுக்காரர். அவருடைய டிரைவர் கடைசிவரை காரை விட்டு இறங்கவில்லை, அவரைச் சேர்க்க வேண்டாம். பின்னாடி கேஸு கீஸுன்னு ஏதாவது வந்தால் யார் யார் சாட்சி என்று நான் பல தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். ஐந்து பேர்தான்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். கேரளா எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றே முக்கால் ஏக்கர் தென்னை எனக்கு. இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை காய் வெட்டு. கொழுந்தியா கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாள். ஒரு வெட்டின்போது ஊருக்கு வந்தவள், நான் உரமூட்டைச் சீட்டின் பின்பக்கம் கணக்கு எழுதித் திணறுவதைப் பார்த்துவிட்டு ஒரு ஆப் செய்து கொடுத்தாள். எண்ணின காயைப் போட்டால் போதும். ஆயிரம் காய்க்கு இத்தனை என்று வியாபாரி சும்மா எடுத்துக்கொள்கிற லாபக்காய், மரம் ஏறுகிற ஆளுக்கு ஏறுகூலி, முன்னாடி வாங்கின அட்வான்ஸ் எல்லாம் கழித்து, கைக்கு வர வேண்டியதைக் காட்டிவிடும். சின்ன சாமான்தான். ஆனால் முதல் வெட்டிலேயே வியாபாரி நாற்பது காய் கூடுதலாக எடுத்ததைக் காட்டிக் கொடுத்தது.

அந்த நாற்பது காய்தான் எங்களைக் கெடுத்தது என்று சில நாள் தோன்றும். இதையே தொழிலாகச் செய்யலாம் என்று அவள் வேலையை விட்டாள். சர்வர் வாடகை, கூட ஒரு ஆளுக்குச் சம்பளம் என்று பணம் வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரி ஏழரைப் பவுனைக் கழற்றி வைத்தாள். வங்கியில் மூன்று லட்சம் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டது நான். அன்றிலிருந்து போனில் மெசேஜ் சத்தம் கேட்டால் ஏல நோட்டீஸோ என்று எடுத்துப் பார்ப்பேன். கெடு முடிய இரண்டு மாசம் இருந்தபோதுதான் இந்த முதலீட்டுக்காரர் வந்தார். இவர் பணம் போட்டால் நகை வீட்டுக்கு வரும். வீட்டுக்காரி அன்றைக்குக் காலையிலேயே வெறும் கையைத் தடவிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

மோட்டார் ரூம் நிழலில் சேர் போட்டோம். இளநீர் வெட்டிக் கொடுத்தேன். கத்தி இரண்டு தடவை தவறியது.

“சேட்டா, ஒரு ஆளு மாசம் தொண்ணூத்தொம்பது ரூபா தரணும். அது இல்லாம இதுல காரியம் இல்ல,” என்றார் முதலீட்டுக்காரர். “ஒரு தடவ வித்துட்டுப் போனா யாரு பணம் போடும்? மாசாமாசம் வரணும்.”

பக்கத்துத் தோப்பு அண்ணன் சிரித்தார். “ஏனுங்க, காய் உரிக்கப் பாரை வாங்குறோம். பாரை செஞ்ச ஆசாரி மாசாமாசம் வந்து காசு கேட்டு நிக்கறானா?”

“அண்ணா, பாரை மழுங்குனா நீங்களே தீட்டிக்குவீங்க,” என்றாள் கொழுந்தியா. “இத நாந்தான் தீட்டோணும். போன்காரன் வருசத்துல ரெண்டு தடவ எதையாச்சும் மாத்திப் போடறான். நான் பாக்காம விட்டா உங்க கணக்கு அப்படியே நின்னு போகும்.”

“அதுக்குன்னு வெட்டில்லாத மாசத்துக்கும் காசா அம்முணி? மரமே எனக்கு அந்த மாசம் ஒண்ணும் தாரதில்லயே.”

முதலீட்டுக்காரர் அதைக் காதில் வாங்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து, “அறுபத்திரெண்டு கஸ்டமர். அதக் கண்டிட்டுத்தான் வந்தேன்,” என்று திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

திரையில் பேரும் போன் நம்பரும் வரிசையாக இருந்தன. அந்த நம்பர்களை எல்லாம் ஏற்றியது நான். டிவிஎஸ்ஸில் தோப்பு தோப்பாகப் போய் ஆப்பைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். எங்கள் ஊரில் அநேகமாக எல்லாரிடமும் இரண்டு சிம். கிழக்கு வேலிப் பக்கம் தமிழ்நாட்டு டவர், மேற்கே வந்தால் கேரளா டவர். பொள்ளாச்சி வியாபாரிக்குக் கொடுத்த நம்பர் ஒன்று, கேரளா விவசாய ஆபீஸான கிருஷி பவனில் எழுதிக் கொடுத்தது இன்னொன்று. நம்பர் கேட்டால் இரண்டையும் சொல்வார்கள். எந்த மூலையில் நின்றாலும் கணக்கு வந்து சேரட்டும் என்று நானும் இரண்டையும் போட்டேன். அது ஆளைத்தான் எண்ணும் என்று நினைத்தேன். அது நம்பரை எண்ணியிருக்கிறது.

சொல்லாமல் இருந்தால் அவர் பணம் போடுவார். நகை வரும். அப்புறம் ஒரு நாள் அவரே எண்ணுவார். எண்ணினால் மோசடி என்பார். நம்பரை ஏற்றியது யார் என்று கேட்பார். என்னைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றுவதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஊரே பார்ப்பதுவரை மனசுக்குள் போய்விட்டு வந்தேன். நேர்மை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். பயம்தான் என் வாயைத் திறந்தது.

“சார், அதுல ஒரே ஆளு ரெண்டு தடவ இருக்குதுங்க.”

வீட்டுக்காரி என்னைப் பார்க்காமல் இளநீர்க் கூட்டை எடுத்து அடுக்கினாள். அண்ணன் குனிந்து திரையில் தன் பேரைத் தேடிக் கண்டுபிடித்தார். “அட, எனக்கு ரெண்டு தோப்பு இருக்குதா தம்பி? பட்டாவையும் இதே மாதிரி ரெண்டா அடிச்சுக் குடுத்துரு.” சிரிப்பதற்கு அவரைத் தவிர ஆளில்லை.

கொழுந்தியா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கம்ப்யூட்டரைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். “மச்சான், நீங்க பேரு படிங்க, ரெண்டாவது வந்தா நான் அடிச்சு விடறேன்.” படித்தேன். இருபத்தொன்பது பேர் இரட்டை, நாலு பேர் ஒற்றை. ஆக முப்பத்து மூன்று ஆள்.

முதலீட்டுக்காரர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கர்ச்சீப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, “சாமான் நல்ல சாமான்தான்,” என்றார். “ஒரு ஆளு இதுல கஞ்சி குடிக்கலாம். ஆனா நான் போடற பணம் பத்து மடங்காத் திரும்பணும். முப்பத்து மூணு தோப்புல அது முளைக்காது. அறுபத்திரெண்டு இருந்தாலும் கஷ்டம்தான், அத வழியிலயே யோசிச்சேன்.” காரில் ஏறும் முன்னால் என் தோளைத் தட்டினார். “பேடிக்கண்டா, சேட்டா.” பயப்படாதே என்று சொல்கிறவர்களுக்கு எல்லாம் நகை வீட்டில்தான் இருக்கிறது.

கார் போன பிறகு வீட்டுக்காரி சேர்களை மோட்டார் ரூமுக்குள் எடுத்து வைத்தாள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்துக் கொழுந்தியாவிடம் நீட்டினார். “மாசக் கணக்கெல்லாம் எங்கிட்ட வேண்டாம் அம்முணி. வெட்டுக்கு நூறு. ஏறுகூலி குடுக்கற அன்னைக்கே உனக்கும் குடுத்தர்றேன். வெட்டு இல்லையா, காசும் இல்ல. ஆனா கணக்கு நின்னு போச்சுன்னா உங்க ஊட்டு முன்னால வந்து கத்துவேன்.”

அவள் அந்தத் தாளை வாங்கிக்கொண்டாள்.

முப்பத்து மூன்று பேரும் அதற்கு ஒத்துக்கொண்டார்கள். வருசத்துக்கு ஆறு வெட்டு. கூட்டிப் பார்த்தால் இருபதாயிரத்துக்கு இருநூறு குறைவு. சர்வர் வாடகைக்குப் போக மீதி நிற்பது அவளுடைய பஸ் செலவுக்குக் காணும். கூட வைத்த ஆளை அனுப்பிவிட்டு, பழைய கம்பெனிக்கே வேலைக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆப்பைச் சரி பார்க்கிறாள். அது ஓடுகிறது, ஒரு வெட்டுக்கும் கணக்கு தவறியதில்லை. இவ்வளவு உபயோகமான ஒன்றை நம்பி மூன்று லட்சம் போட்டது தப்பா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உபயோகத்தைப் பார்த்த நாங்கள், அதை எத்தனை பேருக்கு விற்க முடியும் என்று பார்க்கவில்லை.

கெடு வந்தபோது வட்டியைக் கட்டி, நகையை மறுபடியும் அதே வங்கியிலேயே வைத்தேன். கொழுந்தியா சம்பளத்தில் மாசம் கொஞ்சம் தருகிறாள், வெட்டுக்கு வெட்டு நான் கொஞ்சம் கட்டுகிறேன். தேங்காய் விலை இறங்கினால் என்ன செய்வது என்று இப்போதே யோசிக்கிறேன். இன்றைக்குக் காலையில் வங்கிக்குப் போய், ஜன்னலில் இருந்த பெண்ணிடம் பாக்கி எவ்வளவு என்று கேட்டேன். அந்தப் பெண் திரையைப் பார்த்துச் சொன்னதை இரண்டாம் தடவையும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். வட்டி போக, பாக்கி இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் ரூபாய்.